காளியாயி, அரைப்பேர்

ஜெனுஷா தோற்றுப்போவாள் என்று பத்தாம் தரத்தில் முப்பத்தொரு பேர் சொன்னார்கள். வகுப்பில் இருந்ததே முப்பத்திரண்டு பேர்தான். மிச்சமிருந்த ஒருத்தி ஜெனுஷா.

"எல்லாரும் சொல்லி முடிச்சாச்சா? சரி, அன்னைக்கு வந்து பாருங்க" என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். கணக்குப் பாடத்தில் முப்பத்தைந்து புள்ளி எடுத்தபோதுகூட, கேள்வித்தாளில்தான் ஏதோ கோளாறு என்று தலை நிமிர்ந்து சொன்னவள் அவள்.

விஷயம் இதுதான். ஒக்டோபர், வாசிப்பு மாதம். டயகமப் பக்கத்து அந்தத் தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டு இப்போது கொழும்பில் ஓரளவு வசதியாக இருக்கும் பழைய மாணவர்கள், பத்தாம் பதினோராம் தரப் பிள்ளைகள் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நூலக அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. பிள்ளைகள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அறுபது பேருக்கும் ஒரே புத்தகம். எது என்பதைப் பிள்ளைகளே மேடையேறிச் சிபாரிசு செய்யவேண்டும், பிள்ளைகளே கையுயர்த்தித் தெரிவு செய்யவேண்டும். இதற்குப் பொறுப்பு, தமிழ் படிப்பிக்கும் ஞானரட்ணம் சேர். அவர் ஏழு புத்தகங்களைக் கழித்து, கடைசியில் இரண்டை மிச்சம் வைத்தார்.

ஒன்று தனுஷனுடையது. வெறுங்காலோடு பந்து போட்டுப் பழகி, பிறகு பெரிய ஆளாகிவிட்ட ஒரு வேகப்பந்து வீச்சாளனின் கதை. நடுவில் பதினாறு பக்கம் வண்ணப்படம். போதாததற்குத் தனுஷன் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். சேர் இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்ட, வராதவன் ஒருவனுடைய பெயருக்கு அவன் மாடு மாதிரிக் கத்தியதை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்றது ஜெனுஷாவினுடையது. கவிதையிலேயே எழுதிய ஒரு நாவல். பெயர் "கரைசேராப் பெயர்கள்". நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு, கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கென்று அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஒரு கப்பல் நடுக்கடலில் மூழ்கிய கதை. அட்டையில் ஒரு கப்பல் உண்டு. அதைவிட்டால் படம் என்று மருந்துக்கும் கிடையாது.

அந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்ததே மழையால்தான். ஓகஸ்ட் மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அப்பா றிச்சர்டோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் நூலகம். அங்கே வேலை செய்யும் சித்தப்பாவின் அட்டையில், பஸ்ஸில் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று கப்பல் போட்ட புத்தகத்தை எடுத்து வந்தாள். வரிகள் கட்டை கட்டையாக இருந்தன, சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் அழுதுவிட்டாள். சும்மா கண் கலங்கியது அல்ல, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பக்கத்து சீட்டு அம்மா வாந்தி என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் சிலிசிலிப் பையை விரித்து நீட்டினார்.

"என்னாம்மா? என்னா ஆச்சு?" என்று அப்பா பதறினார்.

"ஒரு புள்ள முழுகிருச்சுப்பா."

"ஐயையோ! எங்க? தலவாக்கல டேமுலயா?"

"இல்லப்பா, புத்தகத்துல."

"அட, சரி சரி" என்று அப்பா பெருமூச்சு விட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்குப் பிடித்தது அந்தத் தவிப்பு. ஒரு புத்தகம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஆட்டிப்படைக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச இந்தத் தோட்டத்தில் ஓர் ஆள் இல்லை! நீ எந்த இடத்தில் அழுதாய் என்று ஒருவரைக் கேட்கவேண்டும், நான் இந்த இடத்தில் அழுதேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. சித்தப்பா இரண்டு தடவை தவணை நீடித்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் தடவை முடியாதாம். வாசிப்பு மாதம் முடியும் வெள்ளிக்கிழமை அந்த ஒரே பிரதி நுவரெலியாவுக்குத் திரும்பிப் போகவேண்டும். போட்டியில் தோற்றால், இந்த மலையில் அந்தக் கதை தெரிந்த ஒரே ஆள் அவள்தான், கடைசிவரைக்கும்.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் பூரணியிடம் போனாள். இருவருக்கும் ஒரே லயத்தில் வீடு, முதலாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் உட்காருகிறவர்கள்.

"கவிதையா? பரீட்சைக்கு வருமா?" என்றாள் பூரணி.

"வராது."

"அப்ப எதுக்கு?"

"கதைடி. கப்பல் முழுகுற கதை."

"முழுகிரும்னு நீயே சொல்லிட்ட. பெறகு எதுக்கு நான் படிக்கணும்?"

"ஏன்டி, கிறிஸ்மஸ் டிசம்பர் இருபத்தஞ்சுன்னு தெரியும்தானே? பெறகு எதுக்கு எங்க வீட்டு கேக்குக்கு நவம்பர்ல இருந்து காத்துக்கிட்டு இருக்க?"

பூரணி சிரித்தாள். ஆனால் புத்தகத்தை அவள் வாங்கவில்லை. ஜெனுஷா அடுத்த ஆளிடம் போனாள். ஒருத்தி "சோகமா? எனக்கு எங்க வீட்டுச் சோகமே போதும்" என்றாள். ஒருவன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாதி வெறும் தாளாக இருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டான். தனுஷன் வாங்கிப் புரட்டி, "தாகம் எடுத்த கவிதை போல, தண்ணியில முழுகுது" என்றான். வகுப்பு சிரித்தது. ஜெனுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞானரட்ணம் சேர் நல்லவர். உதவி செய்வதாக நினைத்து ஒரு பேச்சே எழுதிக் கொடுத்தார். "வாசகர் நெஞ்சங்களைக் கொள்ளைகொள்ளும் இவ்வொப்பற்ற நூலானது" என்று தொடங்கியது அது. அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவளுக்கே கொட்டாவி வந்தது. தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டாள், எறிந்தால் பாவம் என்று.

வழி கிடைத்தது பாடசாலைக்குப் போகிற வழியில்தான். மாதா கோயிலுக்குக் கீழே பெரட்டுக்களம். காலையில் வேலைக்குப் போகிற ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். வந்தவர்கள் "இருக்கேங்க" என்பார்கள். வராதவர்களுக்கு, பக்கத்தில் நிற்கிறவர்கள் "வரலீங்க" என்பார்கள். பிறந்ததிலிருந்து ஜெனுஷா கேட்கும் சத்தம் அது, சுவர்க்கடிகாரத்தைப் போல அதை யாரும் காதில் வாங்குவதில்லை. அன்றைக்குத்தான் அவள் நின்றாள். புத்தகம் முழுக்க இதுதானே இருக்கிறது! ஒவ்வொரு கவிதைக்கும் தலைப்பு ஒரு பெயர். பெயருக்குக் கீழே அந்த ஆள் பேசுவார். கப்பலேறிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வந்து நிற்கிற ஒரு பெரட்டு.

"கிடைச்சிருச்சு!" என்று அவள் தெருவிலேயே கத்தினாள். கூட வந்த பூரணி, முந்தாநாள் தன் பையிலிருந்து விழுந்துபோன ஐம்பது ரூபாய்தான் கிடைத்துவிட்டதோ என்று கீழே குனிந்து தேடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொரு மணிக்குப் பிரதான மண்டபத்தில் அறுபது பிள்ளைகளும் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் தனுஷன் முதலில் விழுந்தான். மேடையேறிச் சட்டைப் பையைத் தடவினான், காற்சட்டைப் பையைத் தடவினான். எழுதி வைத்திருந்த பேச்சு வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு நிமிடம் முழித்தான். பிறகு, "தாள் வரல, பரவாயில்ல, நான் வந்திருக்கேன்" என்றான். அவ்வளவுதான், மண்டபம் அவன் கைக்குள் வந்துவிட்டது. பந்துவீச்சாளன் கிழிந்த ரெக்சின் பந்துக்குத் தையல் போட்டதை நடித்துக் காட்டினான், முதல் ஓவரில் நடுவரின் தொப்பியை எகிறவைத்ததை நடித்துக் காட்டினான். பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், அவன் நன்றாகவே பேசினான். ஜெனுஷாவே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டாள்.

அவன் இறங்கும்போது, "இனி நீ போய் முழுகு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்துக்கிட்டே இரு" என்று அவள் ஏறினாள்.

மேடையில் வணக்கம் சொல்லவில்லை, அவையோரே என்று கூப்பிடவில்லை. முன்வரிசையில் ஞானரட்ணம் சேர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஒரு கணக்கு கேக்குறேன்" என்றாள். "நூத்தம்பது வருசத்துக்கு முந்தி ஒரு கப்பல் முழுகுது. இங்க வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க கப்பல். தொறைமுகத்துல இருந்த கிளாக்கர், எத்தன பேரு செத்தாங்கன்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்புறாரு. நூத்திப் பன்னெண்டரைப் பேரு."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. "அரையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா, அரை. மனுசன்ல ஏது அரை? ஆனா நமக்குத் தெரியாதா என்னா? சொல்லிய கிலோவுக்குக் கொழுந்து கொறைஞ்சா, நேரத்தோட மலைய விட்டு எறங்கினா, நம்ம அம்மாமாருக்கு என்னா போடுவாங்க?"

"அரைப்பேரு!" அறுபது வாயும் ஒன்றாய்ச் சொன்னது. இது யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய சொல் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே, இன்றைக்கு முழுச் சம்பளத்துக்கு முழுப்பேரா, பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேரா என்று சொல்லக்கூடிய பிள்ளைகள்தான் அங்கே இருந்தவர்கள்.

"அந்தக் கப்பல்ல ஏறும்போது பெரியவங்களுக்கு முழுப்பேரு, சின்னப் புள்ளைங்களுக்கு அரைப்பேரு. பெரியவங்க நூறு. புள்ளைங்க இருபத்தஞ்சு. ரெண்டு ரெண்டு புள்ளையாச் சேத்து ஒவ்வொரு ஆளாக் கணக்குப் பாத்தாங்க. கடைசியில சோடி இல்லாம ஒரு புள்ள மிச்சம். அந்த அரை யாருன்னு இந்தப் புத்தகத்துல இருக்கு." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இப்ப நான் பெரட்டு கூப்பிடப் போறேன். வந்தவங்க மட்டும் பதில் சொல்லுங்க. வேற யாரும் வாயத் திறக்கக்கூடாது."

கணக்கப்பிள்ளையின் அதே ராகத்தில், முதல் எழுத்தை அழுத்திக் கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டாள்.

"சோலமல!"

மண்டபம் பேசாமல் இருந்தது. அவள் மூன்று வரை மனதுக்குள் எண்ணினாள். பிறகு சோலைமலையின் கவிதையில் இரண்டே வரி வாசித்தாள். ஊரில் அடகு வைத்த மாட்டை மீட்கத்தான் கப்பலேறியவன் அவன்.

"நாகலெச்சுமி!"

பதில் இல்லை. நாகலெட்சுமியின் வரிகளை வாசித்தாள். கல்யாணமாகிப் பதினோராம் நாள் ஏறியவள்.

நாலாவது பெயருக்குப் பின்வரிசையில் விசில் நின்றிருந்தது. ஐந்தாவதற்கு, பேனா உருட்டிக்கொண்டிருந்தவர்கள் உருட்டுவதை விட்டார்கள். ஜெனுஷாவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் கிளம்பியது. பிடித்துவிட்டோம் என்று தெரிந்தது. இனிமேல்தான் முக்கியமான பெயர். அந்த அரை. அவள் எழுபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நெஞ்சை நிரப்பி மூச்செடுத்து, முந்தியதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"காளியாயி!"

"இருக்கேங்க!"

வாசலிலிருந்து வந்தது குரல். அறுபது தலையும் திரும்பியது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி, தலையில் முக்காட்டுத் துண்டோடு, கையில் நாலாக மடித்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். தனுஷனின் அம்மா. அவர் பெயரும் காளியாயி. இருபது வருடமாகக் காலையில் அந்த ராகத்தில் அந்தப் பெயர் கேட்டால் இருக்கேங்க என்று சொல்லிப் பழகிய வாய். எங்கே நிற்கிறோம் என்று யோசிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வாங்கைத் தட்டிச் சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரித்தார்கள். "இருக்கேங்க, இருக்கேங்க" என்று பின்வரிசையில் ஒருவன் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினான். காளியாயி நாக்கைக் கடித்துக்கொண்டு முக்காட்டை இழுத்து விட்டார். எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த தனுஷன் மட்டும் சிரிக்கவில்லை. காது இரண்டும் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜெனுஷாவுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. இரண்டு மாதமாகக் கட்டிவந்ததெல்லாம் ஒரு நொடியில் சரிந்த கோபம் பாதி. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மனுஷியைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்களே என்ற கோபம் மீதி. கத்தலாமா என்று நினைத்தாள். கத்தினால் இன்னும் சிரிப்பார்கள். அதனால் சும்மா நின்றாள். புத்தகத்தைத் திறந்தபடி, கணக்கப்பிள்ளை நிற்கிற மாதிரியே, சத்தம் அடங்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பெரட்டில் சத்தம் போட்டால் பெயர் கூப்பிடுவது நின்றுபோகும். அது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள்.

"சரிங்க" என்றாள் அவள், வாசலைப் பார்த்து. "கூப்பிட்டேன், வந்தீங்க. நன்றிங்க. ஆனா நான் கூப்பிட்டது ஒங்கள இல்ல. இது ஒம்பது வயசுக் காளியாயி. அந்தப் புள்ள வரல."

பிறகு வாசித்தாள்.

"என்னைப் பாதியாய் எழுதிக்கொண்டார்கள்.
மிச்சப் பாதியை
அம்மா மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.
தண்ணீர் வந்தபோது
அது அரை அரையாய்ப் பார்க்கவில்லை."

காளியாயி மெல்ல இரண்டு அடி உள்ளே வந்தார்.

"ஒம்பது வயசுப் புள்ளையா?" என்று கேட்டார். மேடையில் ஏதோ நிகழ்ச்சி நடக்கிறது, நடுவில் பேசக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மறந்தே போயிற்று. "யாரு கூட வந்துச்சு?"

ஜெனுஷா இதற்கு ஆயத்தமாகியிருக்கவில்லை. ஆனாலும் பதில் அவளுக்குத் தெரியும், புத்தகத்தை ஐந்து தடவை வாசித்தவள். "அம்மா கூடங்க."

"அந்த அம்மா கரைக்கு வந்துச்சா?"

"வரலீங்க. ஒருத்தரும் வரல."

"பேரெல்லாம் நெசமான பேரா பாப்பா?"

இந்தக் கேள்வியை ஞானரட்ணம் சேர்கூடக் கேட்கவில்லை. "இல்லீங்க" என்றாள் ஜெனுஷா. "கப்பல்ல ஏறினவங்க பேர ஒருத்தரும் எழுதி வைக்கல. கணக்கு மட்டுந்தான் எழுதினாங்க. பேரெல்லாம் இந்தப் புத்தகத்த எழுதினவங்க வச்சது. யாராச்சும் ஒருத்தர் பேரு வைக்கணுமேன்னு வச்சது."

காளியாயி தலையாட்டினார். "நல்லதுதான்" என்றார். "ஆனா பேரையும் வச்சுட்டு அரைன்னு போட்டிருக்காங்களே. என்னயத்தான் இன்னைக்கு அரைன்னு போடுவாங்க. பாதியிலயே மலைய விட்டு எறங்கிட்டேன், தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனப்ப பாத்தேன், இவன் தாள மறந்துட்டுப் போயிட்டான்." கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினார். "நான் பெரிய மனுசி, நாளைக்குப் போயி முழுப்பேரு வாங்கிக்குவேன். அந்தப் புள்ள எங்க போயி வாங்கும்?"

குறை சொல்கிற குரலே இல்லை அது. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரல்தான். தனுஷன் தலையைத் தூக்கி அந்தத் தாளைப் பார்த்தான். அவன் பையைத் தடவிவிட்டு மறந்தே போன தாள். அது இல்லாமலேயே விசில் வாங்கிவிட்ட தாள். அதற்காக அவன் அம்மா ஒரு நாளில் பாதியை விட்டுவிட்டு இரண்டு கட்டைத் தூரம் நடந்து வந்திருக்கிறார். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

இப்போது அழுதால் கெட்டது குடி என்று ஜெனுஷாவுக்குத் தெரியும். கீழே பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள், குரல் கொஞ்சம் கரகரத்தாலும்.

"நல்லமுத்து!"

மூன்று வரை எண்ணினாள். எண்ணி முடியும் முன்பே ஒரு வாங்கு கிறீச்சிட்டது. தனுஷன் எழுந்து நின்றான்.

"வரலீங்க" என்றான்.

வாயைத் திறக்கக்கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஆனால் பெரட்டில் அதுதானே முறை. வராதவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பதில் சொல்லவேண்டும். ஜெனுஷா அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை நாலைந்து குரல்கள், "வரலீங்க." அதற்கடுத்த பெயருக்கு, பின்வரிசைப் பையன்கள் எல்லோரும். அதற்கடுத்ததற்கு மண்டபமே எழுந்து நின்றது. அவள் பன்னிரண்டு பெயரோடு நிறுத்த நினைத்திருந்தாள். நிறுத்த முடியவில்லை. வாசிக்கவும் இல்லை, வெறும் பெயர்களையே கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு பெயருக்கும் அறுபது குரல் "வரலீங்க, வரலீங்க" என்றது. தூண் பக்கம் நின்ற அதிபர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனார்.

வாக்கெடுப்பு. ஞானரட்ணம் சேர் மூக்கைச் சிந்திவிட்டு முதலில் கிரிக்கெட் புத்தகத்துக்குக் கைகளை எண்ணினார். பதினேழு. அதில் ஒன்று தனுஷனுடையது. பிறகு "கரைசேராப் பெயர்கள்". எண்ணினார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தி நாலு" என்றார். "பதினேழும் நாப்பத்தி நாலும் அறுபத்தொன்னு. பிள்ளைங்க அறுபது பேருதானே?"

வாசலில் ஒரு கை இன்னும் தூக்கியபடியே இருந்தது, நாலாக மடித்த தாளோடு.

"அம்மா, பெத்தவங்களுக்கு ஓட்டு இல்லீங்க."

"பரவாயில்லீங்க சேர், சும்மா போட்டேன்" என்றார் காளியாயி.

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கூட்டம் கலைந்தபோது ஜெனுஷா நேரே தனுஷனிடம் போனாள். "ஒனக்கே கை தூக்கினியே, வெக்கமா இல்ல?"

"ஏன், நான் நல்லாத்தானே பேசினேன்!"

"நல்லாத்தான் பேசின" என்று ஒத்துக்கொண்டாள். வென்றவளுக்கு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்? அவன் அம்மாவிடம் தாளை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல், சட்டைப் பையில் பத்திரமாக வைத்து மேலே தடவிக்கொண்டான். பிறகு வீதிவரை அம்மாவோடு கூடவே நடந்தான்.

நூலகத்துப் பிரதி அன்று மாலையே நுவரெலியா பஸ்ஸேறியது. மூன்று வாரத்தில் பெட்டி வந்தது. ஞானரட்ணம் சேர் பெயர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். எல்லோரும் இருக்கேங்க என்று சொல்லித்தான் வாங்கினார்கள், அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பூரணி முதல் பாடம் நடக்கும்போதே மேசைக்கடியில் விரித்துப் பிடிபட்டாள். முழுகிரும் என்று தெரிந்தும் என்னடி இப்படி வாசிக்கிறாய் என்று ஜெனுஷா கேட்டதற்கு, "பேசாம இரு, நாகலெச்சுமி இப்பதான் ஏறுறா" என்று எரிந்து விழுந்தாள்.

தனுஷன் மட்டும் நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் இடைவேளையில் புத்தகத்தோடு அவள் வாங்குக்கு வந்தான். பகிடி ஒன்றும் விடவில்லை.

"நீ அழுதியாமே, பஸ்ஸுல. பூரணி சொன்னா" என்றான்.

"அழுதேன். அதுக்கென்னா?"

"எந்த எடம்?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! "நீ சொல்லு முதல்ல" என்றாள்.

அவன் புத்தகத்தை விரித்து அவள் முன்னால் வைத்தான். எழுபத்திரண்டாம் பக்கம். தலைப்பில் "காளியாயி, அரைப்பேர்" என்று அச்சாகியிருந்தது. அதில் "அரை" என்பதை நீலப் பேனாவால் ஒரே கோடாக வெட்டி, மேலே "முழு" என்று எழுதியிருந்தது. அது தனுஷனின் எழுத்து. பக்கத்து ஓரத்தில், கவிதைக்கு இடம் விட்ட அந்த வெற்றுத் தாளில், கோணலாக, பெரிதாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி இன்னொரு கை எழுதியிருந்தது: காளியாயி.

"வாசிச்சுக் காட்டினேன். மூணு தரம் வாசிக்கச் சொல்லிச்சு" என்றான். "அரைய வெட்டுடான்னு சொல்லிச்சு, வெட்டினேன். பெறகு பேனாவ வாங்கிக் கையெழுத்து வச்சிருச்சு. அம்மாவுக்கு அது ஒன்னுதான் எழுதத் தெரியும்."

ஜெனுஷா அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். தாளின் மறுபக்கம்வரை பேனா பதிந்திருந்தது.

"இங்கதான்" என்றாள். "நானும் இங்கதான் அழுதேன்."

"நான் ஒன்னும் அழல" என்றான் தனுஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தள்ளி ஒக்காரு. அடுத்த பக்கத்துல ஒரு சந்தேகம் கேக்கணும்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.